தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்

பழைய கேம் பெட்டியின் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் புரோகிராமை எமுலேட்டர் என்பார்கள். அது தடங்கல் இல்லாமல் ஓடக் குறைந்த காசில் என்ன மெஷின் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மெஷின் பொருத்துவது என் வேலை. கேட்டவர்களுக்கெல்லாம் சரியான பதில்தான் சொன்னேன். பெட்டியின் அழகைப் பார்க்காதே, புதுசா பழசா என்று பார்க்காதே, புரொசெசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பார், மிச்சக் காசில் நல்ல ரேம் போடு என்றேன். அவர்கள் போய் வாங்கினார்கள், ஓடியது. என் கூடப்பிறந்த தங்கச்சிக்கு மட்டும் பிழையான மெஷினை வாங்கிக் கொடுத்தேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டம் பசறை ரோட்டுப் பக்கம். ஒற்றை அறை வீடு பத்து வரிசையாக உள்ள லயத்தில் எங்கள் காம்பரா கடைசி. தங்கச்சி அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவள் பிள்ளைக்கு ஒன்றரை வயது. பெண் பிள்ளை. புருஷன் கொழும்பில் சமையல் வேலைக்கென்று போய் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. ஆகவே பிள்ளை எங்களிடம் வளர்ந்தது. பேசத் தொடங்கியதும் என் மனைவியை அம்மா என்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் திருத்தவும் இல்லை. பெற்றவளுக்கு வெளிநாட்டு அம்மா என்று பெயர். அந்தப் பெயரை லயத்தில் யாரோ வேடிக்கையாகச் சொல்லி, எல்லாரும் சிரித்து, அதுவே நிலைத்துவிட்டது.

முதல் தடவை அவள் வந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயது. மூன்று வாரமும் பிள்ளை என் மனைவியின் சேலைக்குப் பின்னால் நின்றது. தங்கச்சி திரும்பிப் போய்விட்டாள். இரண்டாவது தடவை அவள் வந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அது இரண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில். பிள்ளைக்கு ஒன்பது வயது.

வந்த மறுநாளே, வெளிநாட்டு வேலை பிடித்துத் தரும் பதுளை ஏஜென்ட் ஆள் அனுப்பினான். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அவளையே திரும்பக் கேட்கிறார்கள், மூன்று மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். அவள் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். அன்றைக்குப் பின்னேரம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"புள்ள என்னோட ஒட்டிக்கிட்டா நான் போகலண்ணே. தோட்டத்துல பேர் பதிஞ்சு கொழுந்து எடுத்தாவது இருந்துக்குவேன். ஒட்டாட்டி இங்க ஒக்காந்து நான் யாருக்கு என்னா செய்றது?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சரி சரி என்றிருப்பேன்.

அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கேம் பெட்டி இருந்தது. பழசு. ஒரு பக்கம் கீறியிருந்தது. அந்த வீட்டுப் பையனுடையது. அவனுக்கும் எங்கள் பிள்ளையின் வயதுதான். இரண்டு வயதிலிருந்து அவனை இவள்தான் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்திருக்கிறாள். மத்தியானம் வீட்டம்மா தூங்கும் நேரத்தில் இவளை இழுத்து உட்காரவைத்து இரண்டாவது ரிமோட்டைக் கையில் கொடுப்பானாம். அப்படித்தான் பழகியிருக்கிறாள். அவனுக்குப் புதுப் பெட்டி வந்ததும் பழையதை இவளிடம் கொடுத்து, உன் பிள்ளையோடு விளையாடு என்று சொல்லி அழுதானாம். அதைச் சொல்லும்போது இவளும் அழுதாள். எனக்கு அப்போது கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவர்கள் விளையாடியது ஒரே விளையாட்டுத்தான். இரண்டு தவளைகளை ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். ஒன்றை ஒருவரும் மற்றதை மற்றவரும் ஓட்ட வேண்டும். கல்லுக்குக் கல் தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாவினால்தான் போகலாம். ஒருத்தர் கொஞ்சம் பிந்தினாலும் கயிறு இழுத்து இரண்டும் தண்ணீரில் விழும். திரையில் என்ன பாஷை எழுதியிருந்ததோ, எங்களில் யாருக்கும் தெரியாது. தங்கச்சிக்கும் தெரியாது. ஆனால் எந்தக் கல் அமுங்கும், எந்தக் கல் நகரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

டீவியில் மாட்டி அவள் தனியாக விளையாடினாள். முதல் நாட்களில் பிள்ளை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தது. கூப்பிட்டால் ஓடிவிடும். தங்கச்சி கூப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு கையில் ஒரு ரிமோட், மடியில் மற்றது என்று வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தவளைகளை ஆற்றில் போட்டாள். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ பிள்ளை உள்ளே வந்து, "அப்புடி இல்ல, இந்தக் கல்லு அமுங்கும்" என்று மடியில் இருந்ததை எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அன்றைக்குப் பொழுது இறங்கும்வரை விளையாடினார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தது. என் மனைவி சோறு போட்டு வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். பிள்ளைக்குக் கேட்கவில்லை. மனைவி தட்டை மூடிவைத்தாள்.

அதற்கு மறுநாள் பெட்டி எரிந்துவிட்டது.

எங்கள் லயத்துக்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் கரண்டு ஒரே இடத்திலிருந்து வந்தது. பின்னேரம் எல்லா வீட்டிலும் பல்பும் டீவியும் போட்டால் கரண்டு இறங்கி பல்பு மஞ்சளாகும். ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரை நிறுத்தினால் சட்டென்று ஏறும். அதற்குப் பயந்து பழைய ஆட்கள் ரோலர் நிற்கிற சங்கு ஊதும்போது டீவியை அணைத்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவளுக்கு அது மறந்துபோயிருந்தது. பிள்ளைக்கு விளையாட்டு மும்முரம். சங்கு ஊதியது, இரண்டு பேரும் தாவிக்கொண்டிருந்தார்கள். டீவி தப்பியது. பெட்டியிலிருந்து புகை வந்தது.

கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தேன். கரண்டு போர்டோடு மெயின் போர்டும் போய்விட்டது. பதுளையில் அதைச் செய்ய யாரும் இல்லை. அதே மாதிரிப் பெட்டி வாங்கவும் கிடைக்கவில்லை. டிஸ்க் நன்றாக இருந்தது. அப்போதுதான் எமுலேட்டர் யோசனை வந்தது. நான்தான் சொன்னேன். ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் பிள்ளையின் படிப்புக்கும் ஆகும், தவளையும் ஓடும் என்றேன். தங்கச்சி உடனே சரி என்றாள்.

கடையில் ஒரு மூலையில் வெளிநாட்டு ஆபீஸ்களில் கழித்துவிட்ட மெஷின்கள் வரிசையாகக் கிடந்தன. சாம்பல் நிறம், பல வருஷ வெயிலில் மஞ்சள் பூத்தவை. அதில் ஒன்றை எடுத்துத் துடைத்தேன். பென்டியம் த்ரீ. கிராஃபிக்ஸ் கார்டு போடத் தனி ஸ்லொட் இருந்தது. கடையில் இருந்த பழைய கார்டு ஒன்றைப் போட்டு, ரேமை இரண்டு மடங்காக்கி, எமுலேட்டரை ஏற்றினேன். இரண்டு ரிமோட்டும் மாட்டினேன். அடுத்த சனிக்கிழமை தங்கச்சியையும் பிள்ளையையும் டவுனுக்கு வரச் சொன்னேன்.

இரண்டு பேரும் வேலை மேசைக்கு முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கழற்றிப்போட்ட கேசிங்குகளுக்கும் ஸ்க்ரூ டப்பாக்களுக்கும் நடுவில் தவளைகள் தாவின. ஒரு சின்ன இழுப்பும் இல்லை. சத்தம் வெட்டவில்லை. பிள்ளை தாவும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து எழும்பியது. தங்கச்சியின் தோளில் இடித்துக்கொண்டு சிரித்தது. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை யாருடையது என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் பிள்ளையே தங்கச்சியைக் காட்டி, "இவங்களோடது" என்றது. அம்மா என்று சொல்லவில்லை. ஆனாலும் தங்கச்சியின் முகத்தை நான் பார்த்தேன்.

"இது போதும்ணே. இதையே கட்டிக் குடுங்க" என்றாள்.

கட்டிக் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

தோட்டத்து வழக்கம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வந்தால் லயத்துச் சனம் ஒவ்வொரு வீடாக வந்து பார்க்கும். அவள் மெலிந்தாளா, அடிபட்டாளா என்று பார்க்க வருவதில்லை. என்ன கொண்டுவந்தாள் என்று பார்க்க வருகிறது. டீவி எத்தனை இஞ்ச், பிரிஜ் எத்தனை கதவு, கழுத்தில் எத்தனை சுற்று. ஆறு வீடு தள்ளி ஒருத்தி வெறும் கையோடு வந்தாள் என்று அவளைப் பற்றி என்னவெல்லாமோ பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கீறல் விழுந்த கேம் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்திருந்தேன். இப்போது தோட்டத்திலேயே முதல் கம்ப்யூட்டர் எங்கள் லயத்துக்கு வரப்போகிறது என்று சொல்லியும் ஆகிவிட்டது. யார் சொன்னது? நான்தான். பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். இந்த மஞ்சள் பூத்த பெட்டியை உரச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் எப்படி நுழைவது?

முதலாளியிடம் புதுப் பெட்டி ஒன்று நிறைய நாளாக விற்காமல் கிடந்தது. ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே நீல வெளிச்சம் எரியும். போர்டு புதுசு, ஆனால் புரொசெசர் அதிலேயே ஒட்டி வந்த மலிவு ரகம். கிராஃபிக்ஸும் அதிலேயே, ரேமில் பங்கு பிடுங்கித் தின்னும். அட்டைப் பெட்டியில் போட்டிருந்த வேக நம்பர் என்னவோ பெரிசு. நம்பர் பெரிசாக இருந்தாலும் வேலை பாதிகூடச் செய்யாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். முதலாளி அதை விலை குறைத்துத் தந்தார். மிச்சக் காசில் பெரிய வூஃபர் ஸ்பீக்கர் செட்டும் டிவிடி டிரைவும் வாங்கினேன். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. புதுசு ஒன்று பழையதைவிட மோசமாக எப்படி ஓடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பதில் தெரிந்த கேள்வி அது. ஓட்டிப் பார்க்காமலே கட்டினேன். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் ஓட்டிப் பார்க்கவில்லை.

சாம்பல் மெஷினை அதே வாரம் மொனராகலையிலிருந்து வந்த டியூஷன் வாத்தியார் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

வாடகை வேனில் லயத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் இறக்கி வைத்ததும் சனம் கூடிவிட்டது. கரண்டைச் சீராக்க ஒரு ஸ்டெபிலைசரும் மாட்டி, விளக்கை எரியவிட்டேன். நீலம் சுவரெல்லாம் அடித்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாமா, "என்னாடா, கோயில் ஜோடனை மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு பிள்ளை இரண்டு ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து ஒன்றைத் தங்கச்சியிடம் நீட்டியது. டிஸ்க்கைப் போட்டேன்.

தவளை இழுத்து இழுத்து நகர்ந்தது. பட்டனை அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாவியது. பாட்டு துண்டு துண்டாக, விக்கல் எடுப்பதுபோல் வந்தது. ஒரு தவளை என்றால் ஏதோ சமாளிக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தாவவைக்கவே முடியவில்லை. பிள்ளை முதலில் சிரித்தது. தவளைக்குக் காய்ச்சல் என்றது. பிறகு பட்டனைக் குத்தியது. தங்கச்சி, மெதுவா அமுக்கு, நானும் மெதுவா வாறேன் என்று எண்ணிச் சொல்லிப் பார்த்தாள். நாலு கல் தாண்டவில்லை. பிள்ளை என்னைத்தான் கேட்டது.

"மாமா, கடையில ஓடுனது எங்க?"

அது வித்துப் போச்சு என்றேன். பிள்ளை ரிமோட்டை வைத்துவிட்டு என் மனைவியிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த நாட்களில் என்னவெல்லாமோ செய்தேன். படத்தின் அளவைக் குறைத்தேன். நிறத்தைக் குறைத்தேன். ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டச் சொன்னேன். சத்தத்தையே நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ஓடியது, பிறகு சறுக்கியது. கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைக் கடனாக எடுத்து வந்து கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். போட இடம் இல்லை. அந்தப் போர்டில் அதற்கான ஸ்லொட்டே கிடையாது. தினமும் போர்டு பார்க்கிறவன் நான். என் வீட்டுப் போர்டைக் குனிந்து பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்குள் மெஷினுக்கு வேறு வேலை வந்துவிட்டது. டிவிடி ஓடும், வூஃபர் அதிரும் என்று லயம் கண்டுகொண்டது. வேலை விட்டு வந்ததும் ஆட்கள் படம் பார்க்க வந்தார்கள். முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் பெண்கள், இஸ்தோப்பில் ஆம்பிளைகள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் வெளிநாட்டுக் காசுத் திமிர் என்பார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமலும் இருக்க முடியாது. தங்கச்சி அடுப்படியில் நின்றாள். கேத்தலைக் கொதிக்கவைப்பது, ஊற்றுவது, தட்டில் வைத்து நீட்டுவது, குவளைகளைக் கழுவுவது. பிள்ளை முன்வரிசையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்த்தது. தங்கச்சி குனிந்து தேத்தண்ணி நீட்டும்போது திரை மறைக்கிறது என்று தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தது.

ஒரு நாள் என் மனைவி என்னை வெளியே கூப்பிட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"அங்கயும் வேலக்காரி, இங்கயும் வேலக்காரியாத்தான் நிக்கிறா. நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. கடைக்காரன்கிட்ட இத திருப்பிக் குடுத்துட்டு அந்தப் பழசு மாதிரி ஒன்ன எடுத்துட்டு வாங்க."

திருப்பி எடுக்கமாட்டார் என்றேன். கேட்டீங்களா என்றாள். கேட்டேன் என்றேன். பொய். நான் கேட்கவே இல்லை. வெளிச்சம் போட்ட பெட்டியை எல்லார் முன்னாலும் தூக்கிக்கொண்டு போய், மஞ்சள் பூத்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம், புதுப் போர்டு மட்டும் மாற்றலாம், பெட்டி அப்படியே இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

வேறு காரணமும் இருந்திருக்கலாம். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் காம்பராவுக்குப் புதுக் கூரைத் தகரம் போட்டது அவள் காசு. என் மனைவியின் ஆபரேஷனுக்கு அனுப்பியதும் அவள்தான். அவள் போனால் காசு வரும். அவள் இருந்தால் பிள்ளை அவளிடம் போகும், என் வீடு வெறும் வீடாகும். என் மனைவி அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். மெஷினை மாற்றச் சொன்னதே அவள்தான். நான் தயாராக இருந்தேனா? தெரியவில்லை. கை ஏன் அவ்வளவு மெதுவாக வேலை செய்தது என்று நினைத்தால் எனக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

இரண்டரை மாதம் கழிந்திருந்தது. பின்னேரம் நான் வேலை விட்டு வந்தபோது தங்கச்சி மட்டும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு ரிமோட்டையும் தானே வைத்துக்கொண்டு, அந்த இழுப்புக்குத் தன் விரலைப் பழக்கியிருந்தாள். தவளைகள் நோயாளிகள் மாதிரி மெல்ல மெல்லத் தாவி ஆற்றைக் கடந்தன. அந்த மாதக் கடைசிக்குள் போர்டு மாற்றித் தருகிறேன் என்றேன்.

"வேணாண்ணே. இன்னைக்கு ஏஜென்ட் ஆபீசுக்குப் போய்ட்டு வந்தேன்" என்றாள்.

கையெழுத்துப் போட்டுட்டியா என்றேன். போட்டுட்டேன் என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "அந்த வீட்ல நான் வேலக்காரிதான். அடிச்சும் இருக்காங்க. ஆனா அந்தப் புள்ள முழிச்சதும் என்னையத்தான் தேடும். இங்க என்னைய யாருண்ணே தேடுறா?"

நான் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரு, போகாதே, அந்தக் காகிதத்தைக் கிழி என்று சொல்லியிருக்கலாம். நான் போர்டைப் பற்றிப் பேசினேன். ரெண்டு கிழமையில் வந்துவிடும் என்றேன். அவள் சிரித்தாள்.

போகிற அன்று பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்றது. என் மனைவிதான் நிறுத்தினாள். வேன் வந்ததும் தங்கச்சி பிள்ளையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பிள்ளை கொடுக்கவிட்டது. அவ்வளவுதான். வேன் திரும்பும் இடத்தில் கையை ஆட்டு என்று மனைவி சொன்னாள், ஆட்டியது. லயத்துச் சனம் வாசலில் நின்று, பிள்ளை அழக்கூட இல்லையே என்றது. அவர்களில் எத்தனை பேர் அவள் கையால் தேத்தண்ணி குடித்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பண்டாரவளையில் ஒரு ஆபீஸில் பழைய மெஷின்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முன்பு விற்றுப்போனது போலவே ஒன்று. எடுத்து உரச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். லயத்துக்குள் எல்லார் கண்ணுக்கு முன்னாலும் நடந்து வந்தேன். பக்கத்து வீட்டு மாமா என்னடா சாக்கு என்று மட்டும் கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். ஒன்று இருக்கிறதே என்றார். அது சரியில்லை என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். இவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் நான் அத்தனையும் செய்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தருக்கும் அக்கறையே இல்லை.

கார்டைப் போட்டேன், எமுலேட்டரை ஏற்றினேன், ஓடியது. கடையில் ஓடிய மாதிரியே ஓடியது. பிள்ளை ஒன்றும் கேட்காமல் ஒரு ரிமோட்டை எடுத்துக்கொண்டது. மற்றதை நான் எடுத்தேன். எனக்கு வரவில்லை. எனக்கு மெஷின் கட்டத்தான் தெரியும். என்னால் இரண்டு தவளையும் விழுந்துகொண்டே இருந்தன. பிள்ளை பொறுமையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது ஆற்றில் நகரும் கல் ஒன்று உண்டு, அதை நாங்கள் தாண்டவே இல்லை.

அப்போது எங்கள் வீட்டில் கம்பியில்லாத வீட்டு போன் ஒன்று வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் தங்கச்சி அங்கிருந்து போன் எடுப்பாள். மனைவியோடு பேசுவாள், என்னோடு பேசுவாள். பிள்ளையிடம் கொடுத்தால் ம், ம் என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன். இப்போது நன்றாக ஓடுகிறது என்றேன். "இழுக்கலயா?" என்றாள் அவள். இழுக்கவில்லை என்றேன்.

பிள்ளை வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டது. அதுவாக வாங்கியது அதுதான் முதல் தடவை.

"அந்த நகர்ற கல்லுக்கு எப்ப குதிக்கணும்?" என்றது.

மறுபக்கத்தில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிள்ளை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரிமோட்டைப் பிடித்தது. என்னை மற்றதைப் பிடிக்கச் சொன்னது. கல் கிளம்பியதும் பிள்ளை சொல்லும், அங்கிருந்து அவள் எண்ணுவாள், இப்ப என்று சொன்னதும் இரண்டு பேரும் குதிக்க வேண்டும். கல் வந்தது. பிள்ளை காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றது. இப்ப என்றது. குதித்தோம். கல் போய்விட்டிருந்தது. மறுபடி செய்தோம். மறுபடியும் விழுந்தோம். அவ்வளவு தூரத்திலிருந்து குரல் வந்து சேர எடுக்கும் நேரத்தில் கல் நகர்ந்துவிடுகிறது.

"நீ சொல்றது லேட்டா வருது" என்றது பிள்ளை போனில். "கொஞ்சம் முன்னுக்கே சொல்லு."

அவள் முன்னுக்கே சொல்லப் பார்த்தாள். நாலைந்து தடவை முயன்றோம். பிள்ளை மறுபடியும் எண்ணச் சொன்னபோது அவளுடைய போன் கார்டில் காசு முடிந்து போன் வெட்டுப்பட்டது. பிள்ளை ஹலோ ஹலோ என்றது. பிறகு போனைப் பார்த்துக்கொண்டு அது திரும்ப அடிக்கும் என்று காத்திருந்தது. அடுத்த கார்டு வாங்க அவளை வெளியே விடுவது அடுத்த வெள்ளிக்கிழமைதான் என்று பிள்ளைக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மனைவி சோற்றுக்குக் கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தது.

தங்கச்சி அந்தத் தடவை ஏழு வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.